பனிக்கட்டிக் களத்திலே

ஹாக்கி என்றவுடன் நம் நாட்டில் பள்ளிக்கூடத்துப் பையனுக்குங்கூட மேஜர் தியான் சந்தின் பெயர் ஞாபகம் வந்துவிடும். 1928-ல் ஆம்ஸ்டர்டாமிலும், 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸிலும், 1936-ல் பெர்லினிலும் அவருடைய கோலின் நுனியில் பந்து ஒட்டிக்கொண்டே போயிற்று என்ற கதையைச் சொல்லாத தேகப் பயிற்சி உபாத்தியாயர் இல்லை. பிறகு 1948-ல், சுதந்திரம் வந்து ஓராண்டு நிறைய மூன்றே நாள் இருக்கும் போது, லண்டன் மாநகரிலேயே பிரிட்டிஷ் கோஷ்டியை நம்மவர்கள் நாலுக்குப் பூஜ்யமாகத் தோற்கடித்தார்கள். அந்தச் சந்தோஷம் இன்னும் நம் இரத்தத்தில் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் கனடா தேசத்தில் போய் ஹாக்கி என்று சொன்னால் பச்சைப் புல்லும் வெயிலும் யாருக்கும் நினைவு வருவதில்லை. அங்கே ஹாக்கி என்றால் பனிக்கட்டியின் மேல் ஆடும் ஆட்டம் ஒன்றே. நம்முடைய ஆட்டத்தைக் குறிப்பிட வேண்டுமானால் 'புல்வெளி ஹாக்கி' என்று அடைமொழி சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னாலும் மரியாதைக்காகத் தலையசைப்பார்கள், அவ்வளவுதான். ஏரிகளும் ஓடைகளும் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும் தேசத்தில் பிள்ளைகள் வேறு எதன் மேல் விளையாடுவார்கள்?

ஜனவரி மாதத்தில் டொராண்டோ நகரில் சில வாரங்கள் தங்கும் சந்தர்ப்பம் நமக்கு வாய்த்தது. யூனியன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்கோஷியாபாங்க் அரீனா என்ற பெரிய மண்டபத்தில் ஓர் இரவு ஆட்டம் பார்த்தோம். டிக்கெட்டின் விலையை இங்கே எழுதுவதற்கில்லை. எழுதினால் நம் வீட்டிலும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். பதினெண்ணாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய மண்டபம். நடுவே இருநூறு அடி நீளமும் எண்பத்தைந்து அடி அகலமுமுள்ள பனிக்கட்டித் தரை, கண்ணாடி போல் மின்னுகிறது. சுற்றிலும் மார்பளவு உயரத்துக்குப் பலகைச் சுவர். அதற்கு மேலே தடித்த கண்ணாடி. கட்சிக்கு ஆறு பேர். பந்துக்குப் பதிலாக ஓர் அங்குல கனமும் மூன்று அங்குலக் குறுக்களவும் உள்ள கெட்டி ரப்பர் வட்டு. ஆட்டக்காரர்களின் காலணிக்கு அடியில் கத்தி போன்ற இரும்பு. அந்தக் கத்தியின் மேல் நின்றுகொண்டு மணிக்கு இருபது மைல் வேகத்தில் பாய்கிறார்கள், திரும்புகிறார்கள், பின்புறமாகவே ஓடுகிறார்கள். சுமார் ஒரு நிமிஷத்துக்கு ஒரு முறை ஆட்கள் மாறுகிறார்கள். அதற்குமேல் அந்த வேகத்தைத் தேகம் தாங்காது. அழகு என்று சொன்னால் போதாது. பருந்துகள் வட்டமிடுவதைத் தரையில் பார்ப்பது போல் இருந்தது.

முதல் பகுதியில் பத்து நிமிஷம் ஆனதும் ஒரு வாலிபன் வட்டைத் தள்ளிக்கொண்டு பலகைச் சுவரோரமாக வந்தான். எதிர்க்கட்சிக்காரன் குறுக்கே பாய்ந்து தோளால் ஓர் இடி இடித்தான். பலகையில் விழுந்த சத்தம் மேல் வரிசையில் இருந்த நமக்குக் கேட்டது. மண்டபம் முழுவதும் எழுந்து ஆரவாரம் செய்தது. நடுவர் ஊதவில்லை. இடிபட்டவன் எழுந்து, தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் ஓடினான். வட்டை வைத்திருப்பவனைத் தோளாலோ இடுப்பாலோ இடித்து நிலைகுலைப்பது இந்த ஆட்டத்தில் குற்றமல்ல. அது ஒரு கலை. சடுகுடுவில் பாடி வருகிறவனைப் பிடித்து அமுக்குவது எப்படியோ அப்படி. கோலால் அடித்தாலும், முழங்கையால் குத்தினாலும், பின்னாலிருந்து தள்ளினாலும் குற்றம். இரண்டு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ ஓரத்துக் கூண்டில் போய் உட்கார வேண்டும். இருவர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குத்துச்சண்டை போட்டால் நடுவர்கள் சிறிது நேரம் விலகி நின்று பார்த்துவிட்டு, பிறகு இருவருக்கும் ஐந்து ஐந்து நிமிஷம் விதிக்கிறார்கள். இந்த வழக்கம் பெரிய பணப் பந்தய ஆட்டத்தில் உண்டு.

நாம் தங்கியிருந்தது ஸ்கார்பரோவில், நம் தமக்கை மகளின் வீட்டில். தமிழ்க் கடைகளும் தமிழ்க் கோவில்களும் நிறைந்த பகுதி. ஈழத்திலிருந்து யுத்த காலத்தில் வந்து குடியேறியவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று அங்கே பனிக்கட்டியின் மேல் ஓடுகிறார்கள். தமக்கை மகளின் பையனும் அவர்களில் ஒருவன். வயது பதின்மூன்று. நம்மை 'மாமாத் தாத்தா' என்று அழைக்கிறான். நாற்பத்தெட்டு வயதில் இந்தப் பட்டத்தை நாம் எதிர்பார்க்கவில்லை.

ஆட்டம் பார்த்துவிட்டு வந்த இரவு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாள் மருமகள். கனடாவில் 2013 முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் ஆட்டத்தில் இடி கிடையாது. அதற்குமேல், திறமைசாலிகளின் பிரிவில் சேர்ந்தால் இடி உண்டு. சாதாரணப் பிரிவிலேயே இருந்துவிட்டால் இல்லை. பையனைத் திறமைசாலிகளின் பிரிவில் சேர்த்துக்கொள்ளத் தயார் என்று எழுதியிருந்தார்கள். பெற்றோர் கையொப்பமிட வேண்டும்.

"மாமா, நீங்கள் இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளை மேய்க்கிறவர். கையெழுத்துப் போடலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றாள்.

உடனே சொல்லிவிடக்கூடிய விஷயமாக அது நமக்குத் தோன்றவில்லை. இந்த ஆட்டத்தில் தலையில் அடிபட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது, அடித்தவர்களைப் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு பார்க்கலாம் என்று இருந்தோம். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவனுக்கு ஊரைச் சுற்ற இதுவும் ஒரு காரணமாயிற்று.

முதலில் சென்றது கார்ல்டன் தெருவிலுள்ள மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்ற பழைய மண்டபம். 1931-ல் திறந்தது. 1999 வரை டொராண்டோ கோஷ்டியின் தாயகம். இப்பொழுது அதன் கீழ்த்தளம் ஒரு பெரிய மளிகைக் கடை! மேலே சர்வகலாசாலை மாணவர்களுக்கான ஆட்டக்களம். அரிசியும் எண்ணெயும் சோப்பும் அடுக்கிய அலமாரிகளுக்கிடையே தள்ளுவண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தால், ஒரு சந்தில் தரையிலே சிவப்புப் புள்ளி ஒன்று தெரிகிறது. பழைய பனிக்கட்டிக் களத்தின் நடுமையம் அதுதான். பக்கத்தில் ஓர் அம்மாள் கூடையுடன் நின்று பொருள்களின் விலையை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். புள்ளியை அவள் பார்க்கவே இல்லை.

அந்த மண்டபத்தில் 1934-ஆம் வருஷம் பிப்ரவரி 14-ந் தேதி நடந்ததைச் சொல்ல வேண்டுமானால், அதற்கு இரண்டு மாதம் முன்னால் பாஸ்டன் நகரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1933 டிசம்பர் 12-ந் தேதி டொராண்டோவுக்கும் பாஸ்டனுக்கும் ஆட்டம். பாஸ்டன் கோஷ்டியில் எட்டி ஷோர் என்று ஒருவர். திறமையிலும் முரட்டுத்தனத்திலும் அக்காலத்தில் அவருக்கு நிகரில்லை. யாரோ தம்மை இடறிவிட்ட கோபத்தில் எழுந்து வந்தவர், ஏஸ் பெய்லி என்ற டொராண்டோ ஆட்டக்காரரைப் பின்னாலிருந்து மோதித் தூக்கி எறிந்தார். இடறிவிட்டவர் பெய்லி அல்ல. பெய்லியின் தலை பனிக்கட்டியில் மோதி மண்டையோடு உடைந்தது. உடனே டொராண்டோவின் ரெட் ஹார்னர் ஓடிவந்து ஷோரை ஒரே குத்தில் வீழ்த்த, ஷோரின் தலையும் பனிக்கட்டியில் மோதி இரத்தம் ஓடிற்று. பெய்லிக்கு மூளையில் இரண்டு முறை ரண சிகிச்சை நடந்தது. அவர் பிழைக்க மாட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஷோருக்குக் கிடைத்த தண்டனை பதினாறு ஆட்டங்களுக்கு விலக்கு.

பெய்லி பிழைத்துக்கொண்டார், ஆனால் மறுபடி ஆடவில்லை. அவருடைய குடும்பத்துக்கு உதவி நிதி திரட்டுவதற்காக, மற்றக் கோஷ்டிகளிலிருந்து சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி டொராண்டோவுடன் மோதவிட்ட பந்தயந்தான் அந்த பிப்ரவரி மாதத்து ஆட்டம். பொறுக்கி எடுத்தவர்களில் ஷோரும் ஒருவர். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவராக வந்து பெய்லியின் கையிலிருந்து தங்கள் சட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஷோரின் முறை வந்தது. மண்டபம் முழுவதும் மூச்சு விடாமல் பார்த்திருக்க, பெய்லி கையை நீட்டினார், ஷோர் பற்றிக்கொண்டார். ஜனங்கள் செய்த ஆரவாரத்தில் கூரை அதிர்ந்திருக்க வேண்டும். இருபதாயிரம் டாலருக்கு மேல் வசூலாயிற்று. பெய்லி அணிந்த 6-ம் எண்ணை இனி யாரும் அணிய வேண்டாம் என்று கோஷ்டியார் எடுத்து வைத்துவிட்டார்கள். அவர் பல வருஷம் அதே மண்டபத்தில் ஆட்ட அதிகாரிகளில் ஒருவராக வேலை பார்த்து, 1992-ல் எண்பத்தெட்டாவது வயதில் காலமானார்.

பெரிய மனசு என்று நாமும் மனமுருகித்தான் போனோம். ஆனால் மளிகைக் கடைக்கு வெளியே வந்து ட்ராம் வண்டிக்காகக் காத்திருக்கையில் வேறொன்று தோன்றிற்று. கை குலுக்கியதை எல்லோரும் கொண்டாடினார்கள். எண்ணை மரியாதையுடன் எடுத்து வைத்தார்கள். ஆனால் தலையைக் காப்பாற்ற ஒரு விதியும் எழுதவில்லை. ஷோர் மட்டும் தாமாகவே தலைக்கவசம் அணிய ஆரம்பித்தார்.

மற்றவர்கள் தலைக்கவசம் அணிவதற்கு எத்தனை காலம் ஆயிற்று என்பதை யங் தெருவும் ஃபிரண்ட் தெருவும் கூடும் முனையிலுள்ள ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் தெரிந்துகொண்டோம். 1885-ல் கட்டிய பாங்குக் கட்டிடம். வர்ணக் கண்ணாடிக் கவிகைக்குக் கீழே வெள்ளிக் கோப்பைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கவர்னர் ஜெனரலாயிருந்த ஸ்டான்லி பிரபு 1892-ல் கொடுத்த அசல் கிண்ணத்தை முன்னாளில் பாங்குப் பணம் வைத்த இரும்பறையிலேயே வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு பார்ப்பது ஸ்டான்லி கோப்பையைத்தான். அதே மண்டபத்தில் பில் மாஸ்டர்ட்டன் என்ற ஒருவரின் பெயரில் ஒரு பரிசுக் கேடயம் இருக்கிறது. அதன் முன் கூட்டமில்லை. மினசோட்டா கோஷ்டியைச் சேர்ந்த மாஸ்டர்ட்டன் 1968 ஜனவரி 13-ந் தேதி இடிபட்டுப் பின்புறமாக விழுந்து, பனிக்கட்டியில் தலை மோதி, இரண்டு நாளில் இறந்தார். வயது இருபத்தொன்பது. அந்தப் பெரிய லீக்கில் களத்தில் பட்ட அடியாலேயே உயிரிழந்தவர் அவர் ஒருவரே. அவர் தலையில் கவசம் இல்லை. அணிவது கோழைத்தனம் என்ற எண்ணம் அன்று பரவியிருந்தது. அதற்குப் பிறகும் பதினொரு வருஷம் கழித்து, 1979-ல்தான் கவசம் கட்டாயமாயிற்று. அதிலும் பழைய ஆட்டக்காரர்களுக்கு விலக்கு. கவசமில்லாமல் ஆடிய கடைசி மனிதர் 1997-ல் ஓய்வு பெற்றார்.

கவசம் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே இருக்கும் மூளையை? தேங்காய் வாங்கும்போது காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பது நம் வழக்கமல்லவா? ஓட்டைச் சுற்றி எவ்வளவு கெட்டியாகப் பூண் போட்டாலும் உள்ளே நீர் குலுங்காமல் இராது. வேகமாகப் போகிற தலை சட்டென்று நின்றாலோ திரும்பினாலோ மூளை அதிர்கிறது. வெளியே காயமில்லை, இரத்தமில்லை. ஆனால் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல், நாலு வரி படிக்க முடியாமல், வாரக்கணக்கில் இருட்டறையில் கிடக்கிறவர்கள் உண்டு.

டொராண்டோவிலிருந்து மான்ட்ரியாலுக்கு ரயிலில் ஐந்து மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே ஒரே வெண்மை. மான்ட்ரியாலில் இறங்கியதும் பாஷை மாறுகிறது; கடைப் பலகைகள் பிரெஞ்சில் பேசுகின்றன. ஸெயின்ட் காதரின் தெருவும் அட்வாட்டர் தெருவும் சந்திக்கும் இடத்தில் ஃபோரம் என்ற மண்டபம் 1996 வரை பனிக்கட்டிக் களமாக இருந்தது. நாம் போனபோது அதற்குள் சினிமாக் கொட்டகை இருந்தது. களத்தின் நடுமையத்தை இங்கேயும் தரையில் குறித்து வைத்திருந்தார்கள். ஆட்டம் போன பிறகும் மையத்தை மட்டும் விட மனம் வராதவர்கள் போலிருக்கிறது இந்த ஜனங்கள்!

மோரிஸ் ரிஷார் என்ற பெயரை மான்ட்ரியாலில் சொன்னால் முகங்கள் மலருகின்றன. 1944-45 பருவத்தில் ஐம்பது ஆட்டங்களில் ஐம்பது கோல் போட்ட மகாவீரர். தொழிலாளி வீட்டுப் பிள்ளை. க்யுபெக் மாகாணத்தில் ஜனத்தொகையில் பெரும்பான்மையோர் பிரெஞ்சுக்காரர்; ஆலைகளும் பாங்குகளும் லீக்கின் அதிகாரமும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் கையில். அந்த நிலைமை எப்படியிருக்கும் என்று நம் நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1955 மார்ச்சு 13-ந் தேதி பாஸ்டனில் ஹால் லேகோ என்பவரின் கோல் ரிஷாரின் தலையில் பட்டு இரத்தம் வந்தது. ரிஷார் தம் கோலால் லேகோவைத் திரும்பத் திரும்ப அடித்தார். தடுக்க வந்த எல்லைக்கோட்டு நடுவரையும் குத்திவிட்டார். லீக்கின் தலைவர் கிளாரன்ஸ் காம்பெல், வக்கீல், முன்னாள் நடுவர். அவர் விசாரித்து, பருவத்தில் மிச்சமிருந்த ஆட்டங்களுக்கும் கோப்பைப் பந்தயங்கள் அனைத்துக்கும் ரிஷாரை விலக்கினார். 17-ந் தேதி மாலை காம்பெல் தாமே ஃபோரத்துக்கு ஆட்டம் பார்க்க வந்தார். தைரியமா, பிடிவாதமா, நமக்குத் தெரியாது. முட்டையும் தக்காளியும் பறந்தன, யாரோ கண்ணீர்ப் புகைக் குண்டை வெடித்தார்கள், ஆட்டம் கைவிடப்பட்டது. வெளியே ஸெயின்ட் காதரின் தெருவில் நள்ளிரவுக்குப் பிறகும் கடைக் கண்ணாடிகள் நொறுங்கிக்கொண்டிருந்தன. மறுநாள் ரிஷாரே ரேடியோவில் பேசி ஜனங்களை அமைதிப்படுத்த வேண்டியிருந்தது. க்யுபெக் பிரெஞ்சுக்காரர்களின் பிற்கால விழிப்புக்கு அந்த இரவை ஓர் ஆரம்பமாகச் சொல்கிறவர்கள் பலர்.

ஜாதிப் பெருமை என்ற பக்கத்திலிருந்து பார்த்தால் நம் அனுதாபமெல்லாம் அந்தத் தெருக் கூட்டத்தோடுதான். ஆயினும் உபாத்தியாயராகப் பார்க்கும்போது, கோலால் ஒருவனைத் திரும்பத் திரும்ப அடித்தவன் எவனாயினும் வகுப்பில் உட்கார முடியாது. காம்பெல் செய்த தவறு தண்டித்ததில் இல்லை. அதே தண்டனையை மற்ற முரடர்களுக்கும் தாட்சணியமின்றி விதித்திருந்தால், மான்ட்ரியால் ஜனங்கள் அதை அநியாயம் என்று நினைத்திருப்பார்களா? தண்டனை ஒருவனுக்கு ஒரு விதம், இன்னொருவனுக்கு ஒரு விதம் என்று ஜனங்கள் நம்ப ஆரம்பித்துவிட்டால் பிறகு எந்தத் தீர்ப்பும் தீர்ப்பாக இராது.

இதற்கு உதாரணம் 2004-ல் வான்கூவர் நகரில் கிடைக்கிறது. அவ்வளவு தூரம் நாம் போகவில்லை. பிப்ரவரி மாதத்தில் கொலராடோ கோஷ்டியின் ஸ்டீவ் மூர் என்ற இளைஞர் வான்கூவர் தலைவர் நாஸ்லண்டை இடித்ததில் நாஸ்லண்டுக்கு மூளை அதிர்ந்தது. நடுவர் ஊதவில்லை, லீக்கும் தண்டிக்கவில்லை. மார்ச்சு 8-ந் தேதி இரு கோஷ்டிகளும் வான்கூவரில் சந்தித்தபோது டாட் பெர்ட்டூசி என்பவர் மூரைப் பின்னாலிருந்து குத்தி வீழ்த்தினார். கழுத்தெலும்புகள் முறிந்தன, மூர் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. பெர்ட்டூசி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூர் தொடர்ந்த நஷ்டஈட்டு வழக்கு 2014-ல்தான் சமாதானமாக முடிந்தது. முதல் இடியை யாராவது அதிகாரத்தோடு விசாரித்திருந்தால் இரண்டாவது நடந்திருக்குமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

பெரிய லீக் விழித்துக்கொண்டது 2010-ல். மார்ச்சு 7-ந் தேதி பாஸ்டனின் மார்க் ஸவார்ட், வட்டை அடித்துவிட்டு நிமிர்வதற்குள், பிட்ஸ்பர்க்கின் மாட் குக் அவர் பார்க்காத பக்கத்திலிருந்து வந்து தோளால் தலையில் இடித்தார். ஸவார்ட் நினைவிழந்தார்; அடுத்த வருஷம் ஜனவரியோடு அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்தது. குக்குக்கு ஒரு தண்டனையும் இல்லை. ஏன்? தோளால் தலையை இடிக்கக் கூடாது என்று விதி இல்லை! அதன் பிறகுதான் 48-வது விதியை எழுதினார்கள். 2011-ல் அதை இன்னும் விரிவாக்கினார்கள். அந்த வருஷம் ஜனவரி முதல் வாரத்தில் லீக்கின் பெரிய நட்சத்திரமான ஸிட்னி கிராஸ்பி ஐந்து நாளுக்குள் இரண்டு முறை தலையில் அடிபட்டு, நவம்பர் வரை களத்துக்கு வர முடியவில்லை. நட்சத்திரம் மறைந்தால் டிக்கெட் விற்பனைக்காரருக்கும் கவலை வந்துவிடுகிறது.

2011-ல் ஆட்டக்காரர் பாதுகாப்புக்கென்று நியூயார்க்கில் தனி இலாகா ஏற்பட்டது. முதல் தலைவர் பிரெண்டன் ஷானஹன், பழைய ஆட்டக்காரர். இவர்கள் ஒவ்வோர் ஆட்டத்தையும் பார்க்கிறார்கள். சந்தேகமான இடியை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஆறு ஆட்டங்களுக்கோ அதற்கு மேலோ விலக்குவதாயிருந்தால் நேரில் விசாரணைக்கு உரிமை உண்டு. விலக்கப்பட்டவன் இழக்கும் சம்பளம் கஷ்டத்திலுள்ள ஆட்டக்காரர்களுக்கான உதவி நிதிக்குப் போகிறது. தீர்ப்பைப் படத்துடன் விளக்கி உலகத்துக்கே காட்டுகிறார்கள்: இங்கே கால் பனிக்கட்டியை விட்டு எழுகிறது பாருங்கள், இங்கே தோள் தலையில் படுகிறது பாருங்கள் என்று. நல்ல உபாத்தியாயர் விடைத்தாளைத் திருத்திக் காட்டுவது போன்ற காரியம். இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

பலனும் இல்லாமற் போகவில்லை. மாட் குக் 2011-ல் இன்னொருவரை முழங்கையால் அடித்து, பருவத்தில் மிச்சமிருந்த ஆட்டங்களுக்கும் கோப்பைப் பந்தயங்களின் முதல் சுற்றுக்கும் விலக்கப்பட்ட பின் தம் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டதாகப் பலரும் சொன்னார்கள். ரஃபி டோரஸ் என்பவரை 2012-ல் இருபத்தைந்து ஆட்டங்களுக்கு விலக்கி, மேல் முறையீட்டில் இருபத்தொன்றாகக் குறைத்தார்கள். 2015-ல் மறுபடி தலையில் இடித்ததற்கு நாற்பத்தொரு ஆட்டங்கள், அதாவது பருவத்தில் சரிபாதி. அதன் பிறகு அவர் அந்த லீக்கில் ஆடவில்லை. மற்றொரு பக்கம், 2018-ல் வாஷிங்டனின் டாம் வில்ஸனுக்கு இருபது ஆட்டங்கள் விதித்ததை மத்தியஸ்தர் பதினாலாகக் குறைத்தார். அதற்குள் அவர் பதினாறு ஆட்டங்கள் உட்கார்ந்தாகிவிட்டது! அதே வில்ஸன் 2021-ல் கீழே கிடந்த ஒருவரைக் குத்தியதற்கு அபராதம் ஐயாயிரம் டாலர். நியூயார்க் கோஷ்டியார் கொதித்தெழுந்து, இலாகாத் தலைவர் அந்தப் பதவிக்குத் தகுதியற்றவர் என்று அறிக்கை விட்டார்கள். அறிக்கைக்கு லீக் விதித்த அபராதம் இரண்டரை லட்சம் டாலர். குத்துக்கு ஐயாயிரம், பேச்சுக்கு இரண்டரை லட்சம்! அடுத்த ஆட்டத்தில் வட்டைப் போட்ட கணத்திலேயே இரு கட்சியாரும் கைகலந்தார்கள். வான்கூவர்ப் பாடம் இன்னும் முழுதாகப் பதியவில்லை.

48-வது விதியையே கவனித்தால் ஒரு சங்கதி தெரிகிறது. முக்கியமாகத் தலையிலேயே பட்டிருக்க வேண்டும், அதைத் தவிர்த்திருக்கவும் முடிந்திருக்க வேண்டும், அப்பொழுதுதான் குற்றம். உடம்பில் பட்டுத் தலையிலும் பட்டால், அல்லது இடிபட்டவன் குனிந்து தலையைக் கொண்டுவந்து கொடுத்தான் என்றால், இடித்தவன் தப்பலாம். சர்வதேசப் பந்தயங்களின் விதி இதைவிடக் கண்டிப்பானது. விசாரணையெல்லாம் இடித்தவனின் மனசைப் பற்றி: வேண்டுமென்று செய்தானா, முன்பு செய்தவனா, தவிர்த்திருக்கலாமா? மான்ட்ரியால் கோஷ்டிக்காக ஆறு முறை கோப்பை வென்று, பிறகு வக்கீலாகவும் பார்லிமெண்டு அங்கத்தினராகவும் மந்திரியாகவும் இருந்து 2025-ல் காலமான கென் டிரைடன் இதைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டினார். அடித்தது தோளா முழங்கையா முஷ்டியா, தெரிந்தா தெரியாமலா என்ற வித்தியாசமெல்லாம் நடுவருக்கு உண்டு. மூளைக்குக் கிடையாது என்பது அவர் வாதம். ஆகவே தலையில் பட்ட எதுவும் குற்றம் என்று விதி செய்துவிடுங்கள் என்றார். ஸ்டீவ் மாண்டடோர் என்ற ஆட்டக்காரர் 2015-ல் முப்பத்தைந்து வயதில் இறந்து, அவர் மூளையில் பலமுறை அடிபட்டதால் வரும் சிதைவு நோய் இருந்ததாகத் தெரிந்த பின், அவரைப் பற்றி டிரைடன் 2017-ல் ஒரு நூலே எழுதினார்.

அந்த நோயை உயிரோடிருப்பவரிடம் நிச்சயமாகக் கண்டுபிடிக்க இன்னும் வழியில்லை. இறந்த பிறகு மூளையை அறுத்துத்தான் பார்க்கிறார்கள். குத்துச்சண்டைக்கென்றே கோஷ்டியில் வைத்திருந்த டெரக் பூகார்ட் 2011-ல் இறந்தபோது வயது இருபத்தெட்டு. அவர் மூளையிலும் அது இருந்தது. பழைய ஆட்டக்காரர்கள் முந்நூற்றுக்கு மேற்பட்டவர்கள் லீக்கின் மேல் போட்ட வழக்கு 2018-ல் ஒரு கோடியே எண்பத்தொன்பது லட்சம் டாலருக்குச் சமாதானமாயிற்று. லீக் பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை. ஆட்டத்துக்கும் நோய்க்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை என்பதே அதன் தலைவர் திரும்பத் திரும்பச் சொல்லி வந்த பதில்.

பெரியவர்கள் தயங்கும் இடத்தில் சிறுவர் ஆட்டம் முன்னே போயிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். க்யுபெக்கின் இளைஞர் லீக் 2023-ல் சண்டையை விலக்கியது. சண்டை போட்டவன் அன்றைய ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். ஒன்டாரியோ மாகாணத்தில் 2018-ல் ஒரு சட்டம். ரக்பி ஆட்டத்தில் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு 2013-ல் இறந்த ரோவன் ஸ்டிரிங்கர் என்ற பதினேழு வயதுப் பெண்ணின் பெயரால் அதை அழைக்கிறார்கள். மூளை அதிர்ந்ததாகச் சந்தேகம் வந்தாலே பிள்ளையைக் களத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். வைத்தியர் அனுமதியின்றி மறுபடி முழு ஆட்டத்தில் விடக்கூடாது. பிள்ளையும் பெற்றோரும் வருஷந்தோறும் இதைப் பற்றிப் படித்துக் கையொப்பமிட வேண்டும். நம் பள்ளிக்கூடங்களின் கபடி மைதானத்துக்கும் கால்பந்து மைதானத்துக்கும் இப்படி ஒன்று வந்தால் நாம் முதலில் கையொப்பமிடுவோம். "ஒன்றுமில்லைடா, எழுந்திரு, தண்ணீர் குடி" என்று சொல்லியே பிள்ளைகளை மறுபடி ஆடவிடுகிற தேசம் நம்முடையது.

ஊர் திரும்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்கு, பையனின் பயிற்சியைப் பார்க்கப் போனோம். ஸ்கார்பரோவில் ஒரு சிறிய களம். மண்டபத்துக்குள் வெளியே இருந்ததற்குச் சமமான குளிர். பெற்றோர்கள் கம்பளிக்குள் சுருண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். "குனியாதே, தலையைத் தூக்கு!" என்று பயிற்சியாளர் உரக்கச் சொல்லிக்கொண்டேயிருந்தார். குனிந்தவனுக்குத்தான் எச்சரிக்கை. ஆனால் சில பிள்ளைகளின் சட்டை முதுகில், தோள்களுக்கு நடுவே, சாலை முனையில் இருப்பது போன்ற எண்கோணச் சிவப்புச் சின்னம் ஒன்று தைத்திருந்தது. 'ஸ்டாப்' என்று அதில் எழுதியிருந்தது. அந்த மாகாணத்தில் விண்ட்ஸர் நகரத்தில் 1990-களில் தொடங்கிய ஏற்பாடாம். பின்னாலிருந்து இடிக்க வருகிறவனுக்கு அது கண்ணில் படவேண்டும் என்பது கருத்து.

"என்ன மாமா, இன்னும் பதில் சொல்லவில்லையே?" என்றாள் மருமகள். காகிதம் அவள் கைப்பையில் நாலாக மடித்து இருந்தது.

"இந்த வருஷம் சாதாரணப் பிரிவில் இருக்கட்டும், அம்மா. ஓடவும் திரும்பவும் அங்கேயும் கற்றுக்கொள்ளலாம். கோபமெல்லாம் என்மேல் வரட்டும்" என்றோம்.

அவள் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. பையன் கண்ணாடிக்கு அருகே வந்து, "மாமாத் தாத்தா, பாருங்கள்!" என்று கோலால் பலகையைத் தட்டிவிட்டுத் திரும்பி ஓடினான். முதுகிலிருந்த சிவப்புச் சின்னம் களத்தின் மறு கோடி வரையில் தெரிந்தது.